துபாய் கால் விழலையா? ரூட்டரைக் கழற்றாதீங்க

குளச்சல்காரன்:
வாட்ஸ்அப்ல மெசேஜ் போகுது, போட்டோ போகுது, கால் மட்டும் 'கனெக்டிங்'னு சுத்துதுன்னா கோளாறு பெரும்பாலும் நம்ம வீட்டு வைஃபைல இல்ல. அமீரகத்துல அனுமதி வாங்காத ஆப் வழியா பேச முடியாது. வாய்ஸ் மெசேஜ் ஃபைலாப் போறதால தப்பிச்சிரும். சந்தேகம்னா அதே போன்ல இருந்து நாகர்கோவில்ல யாருக்காவது வாட்ஸ்அப் கால் அடிங்க. கேட்டா நம்ம பக்கம் சுத்தம்.

அங்க கால் பேச ஓடுற ஆப் போட்டிம், ஜூம், டீம்ஸ், கூகுள் மீட். போட்டிம்னா ரெண்டு பக்கமும் ஆப் இருக்கணும். வயசான அம்மாமாருக்கு ஜூம் லேசு: மவன் லிங்க் அனுப்பினா தொட்டாப் போதும். ஆனா முதல் தடவையே மைக், கேமரா ரெண்டுக்கும் அனுமதி குடுத்து வைக்கணும். இத விட்டுட்டுத்தான் 'படம் வருது, சத்தம் வரல'ன்னு கெடந்து தவிக்கிறது. இலவசக் கணக்குல 40 நிமிஷத்துல அறுந்திடும். நமக்கு ராத்திரி 9 மணின்னா அங்க 7:30, டூட்டி விட்டு வந்திருப்பாங்களான்னு பாத்துக்கிடுங்க.

தேங்காப்பட்டணம்:
தடையைத் தாண்ட மொபைல் கடையில போட்டுத் தர்ற இலவச விபிஎன் (நம்ம நெட்டை வேறொரு சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) வேண்டாம் அண்ணே. அமீரகத்துல விபிஎன்னே குற்றமில்ல. குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை (நெட்ல நம்ம இணைப்பை அடையாளம் காட்டுற எண்) மாத்துறதுதான் குற்றம். 2021-ஆம் வருஷத்து 34-ஆம் எண் சட்டம், சிறை இல்லன்னா 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். தடை செஞ்ச காலுக்கு இது பொருந்துமான்னு அந்நிய நாட்டு வக்கீல்கிட்ட போய் நிக்கணுமா? போதாக்குறைக்கு, எந்தெந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு விபிஎன் நடத்துறவனுக்குத் தெரிஞ்சிரும்.

பேச்சிப்பாறை மேடு:
சிக்னல் ஒரு புள்ளி நிக்கிற எடத்துல வீடியோ வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் மட்டும். விட்டு விட்டுப் போனாலும் போய்ச் சேரும்.

மார்த்தாண்டம்:
தடை அங்க மட்டுமா? தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23-ல, தூத்துக்குடி, நெல்லையோட குமரிக்கும் சேத்துத்தான் நெட்டை நிறுத்த உத்தரவு. இப்படிப்பட்ட உத்தரவை மறைக்காம எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரி 10-ல. அதனால ஆப்பை மட்டும் நம்பாதீங்க, சாதாரண காலுக்கு ஒரு நம்பர் வீட்டு டைரியில எழுதியே இருக்கட்டும்.

இன்னொண்ணு, வளைகுடா போறவங்க ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாம விடுறாங்க. 90 நாள் பயன்பாடே இல்லன்னா முடக்கிரலாம், அப்புறம் அந்த நம்பர் வேறொருத்தர் கைக்குப் போகும், பேங்க் ஓடிபியும் அங்கதான். நம்பர் கிடைச்சவர் நம்ம வாட்ஸ்அப்புக்குள்ள நுழையாம இருக்க, போறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் அமைப்புகள்ல இரட்டைச் சரிபார்ப்புக்கு 6 இலக்க பின் போடுங்க. பிறந்த தேதி போடாதீங்க, அது ஆதார் நகல்லயே இருக்கு.