உச்சிக்குழி: உங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லுங்களேன்

வணக்கம். பிரசவ வார்டில் ஒட்டுவதற்கு, பச்சைக் குழந்தையின் தலையில் எலும்பு இன்னும் சேராமல் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழி பற்றி ஒரு பக்க விளக்கம் எழுதுகிறோம். அடிப்படைத் தகவல்கள் தயார். முன்பக்கக் குழி பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் மூடும், பின்பக்கத்துச் சின்னக் குழி 2 மாதத்துக்குள். துடிப்பது இயல்பு. அடியில் கெட்டியான சவ்வு இருப்பதால் மெதுவாகத் தொடலாம், தலைக்கு ஊற்றலாம். அமுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அழாத நேரத்தில், குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொல்கிறோம். அழும்போதும் படுத்திருக்கும்போதும் புடைத்த மாதிரி தெரியும். நிமிர்த்திய பிறகும் விம்மி நின்று, கூடவே காய்ச்சல், வாந்தி, அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எங்களுக்குக் கவலை குழி விழுவதில்தான். வயிற்றுப்போக்கிலோ பால் போதாமலோ உடம்பில் நீர் வற்றும்போதுதான் குழி ஆழமாக இறங்கும். வாய் உலரும், சிறுநீர் குறையும். முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாளில் 6 முறைக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் உச்சியில் எண்ணெய் வைத்து, பத்துப் போட்டுக் காத்திருப்பதில் பொன்னான மணிநேரங்கள் போய்விடுகின்றன. தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டிய நேரம் அது.

உங்கள் ஊரில் குழி விழுவதற்கு என்ன பெயர், உச்சியில் என்ன வைக்கிறார்கள்? பாட்டிமார் மனம் நோகாமல் எப்படிச் சொன்னால் கேட்கிறார்கள்? செவிலியர்கள், தாய்மார்கள் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். குழந்தைகளின் படம் வேண்டாம்.