ஸ்காட்லாந்து செம்மானுக்கு எந்தத் தோட்டா?

வணக்கம். ஸ்காட்லாந்தில் அக்டோபர் 21-ல் பெண் செம்மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது, அதற்குள் ரைஃபிள் வாங்க வேண்டும், தோட்டா வகையில் .243 வின்செஸ்டரா, அதைவிடப் பெரிய .308 வின்செஸ்டரா என்று முடிவெடுக்க முடியவில்லை. சட்டப்படி விரியும் குண்டு, நொடிக்கு 2450 அடி வேகம், 1750 அடி-பவுண்டு ஆற்றலாவது வேண்டும். சரி, இரண்டுமே தேறிவிடும். ஆனால் எனக்கு அது மட்டும் போதாது, மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து துடிக்கக் கூடாது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சில் பாயும் ஒரே குண்டில் உயிர் போய்விட வேண்டும். .243-ல் சுடும்போது துப்பாக்கி தோளில் உதைப்பது குறைவு, குறி தப்பாமல் சுட வருகிறது, ஆனால் இலேசான குண்டை மலைக்காற்று தள்ளிவிடும். .308 மானின் தோள்பட்டை எலும்பில் பட்டாலும் ஆழமாகப் போகும், உதைப்புதான் அதிகம். ஈயம் வேண்டாம், செம்புக் குண்டுதான். 200 மீட்டருக்குள் செம்புக் குண்டால் செம்மான் சுட்டவர்கள் சொல்லுங்கள்: எது, எந்த எடை? அடிபட்ட மான் எவ்வளவு தூரம் ஓடியது?