‘மூச்சுத்திணறல்’ வேண்டாம், ‘மூச்சுமந்தம்’ என்போம்

வணக்கம்.

சில மருந்துகளால் மூச்சு மட்டுப்படுகிறதே, ஆங்கிலத்தில் ‘ரெஸ்பிரேட்டரி டிப்ரஷன்’ எனப்படும் அந்தப் பக்கவிளைவுக்குத் தமிழ்ச்சொல் தேடி இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘மூச்சுத்திணறல்’ என்பதை முதலில் விலக்கிவிட வேண்டுகிறேன். மற்ற சொற்களில் நயம் பார்க்கலாம். இதில் ஆபத்து இருக்கிறது.

அண்மையில் மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மாத்திரை பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பை, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளும் உறவுக்காரப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். ‘மூச்சுத்திணறல் ஏற்படலாம்’ என்று இருந்தது. “திணறல்னா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குமே, அதுதானே அண்ணா? வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்” என்றார். தெரியாது. சிக்கலே அங்கேதான்.

இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து ‘இன்னும் வேகமாக மூச்சு விடு’ என்று தசைகளை ஏவும். மார்ஃபின், ஃபென்டனில், கோடீன் போன்ற ‘ஓபியாய்டு’ வகை வலிமருந்துகள் அந்த உணர்வையே மழுக்கிவிடுகின்றன. வாயு கூடிக்கொண்டே போகும், ஆனால் ஏவல் வராது. மூச்சுக்குத் தவிக்க வைக்கும் உணர்வே அடங்கிவிடுவதால் ஆள் திணறமாட்டார். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது 8, 6 என்று இறங்கும்போதும் அவர் நிம்மதியாகத் தூங்குவதுபோலத்தான் தெரியும். தட்டி எழுப்பினாலும் எழமாட்டார், குறட்டை போல ஒரு கரகரப்பு கேட்கும், உதடு நீலம் பாயும். திணறலை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இதையெல்லாம் நல்ல தூக்கம் என்று எண்ணி, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்.

‘சுவாசச் சோர்வு’ என்ற பரிந்துரைக்கு வருகிறேன். ‘மனச்சோர்வு’ நமக்குப் பழகிவிட்டதால் டிப்ரஷன் என்றாலே கை ‘சோர்வு’ என்று எழுதிவிடுகிறது. ஆனால் கடும் ஆஸ்துமாவில் இழுத்து இழுத்து மூச்சுத் தசைகள் களைத்துப்போவது வேறு நிலை. ‘சோர்வு’ அதற்குத்தான் பொருந்தும். இங்கே தசைகள் களைக்கவில்லை, ஏவல்தான் தளர்ந்திருக்கிறது. ‘மூச்சொடுக்கம்’ என்பது யோகத்தில் வேண்டுமென்றே மூச்சை அடக்குவதை நினைவூட்டுகிறது. ‘மூச்சுத் தணிவு’ காதுக்கு இனிமைதான். ஆனால் காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது என்று நல்லதற்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். ‘உயிர்வளிக் குறைவு’, அதாவது ஆக்சிஜன் குறைவு, பின்னால் வரும் விளைவு. நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி நல்ல அளவையே காட்டும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்.

என் பரிந்துரை ‘மூச்சுமந்தம்’. செரிமான மந்தம், காது மந்தம் என்று வீட்டில் சொல்கிறோம் இல்லையா? உறுப்பு இருக்கிறது, வேலை மங்கிவிட்டது என்பது எல்லாருக்கும் உடனே விளங்கும். ‘காது மந்தம்’ எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமை. கரியமில வாயு போடும் கூச்சல் மூளைத்தண்டின் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். எண்ணிக்கை குறைவதையும் ஆழம் குறைவதையும் ‘மந்தம்’ சேர்த்தே சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை மட்டும் குறைந்தால் ‘மெதுமூச்சு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ‘மந்தம்’ வடசொல் என்ற தடை வரும் என்று தெரியும். மருந்துக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் விழித்திருப்பவருக்குச் சொல்லின் பிறப்பைவிட அதன் பொருள் சட்டென்று விளங்குவதுதான் முக்கியம்.

சரி, வெறும் சொல் போதுமா? போதாது. எச்சரிக்கையை இப்படி எழுதலாம்:

‘இம்மருந்து மூச்சுமந்தம் உண்டாக்கலாம். மூச்சு எண்ணிக்கையும் ஆழமும் குறையும். நோயாளி திணறாமல் தூங்குவதுபோல இருக்கலாம். தட்டியும் எழாவிட்டால் உடனே அவசர உதவியை அழையுங்கள். தூக்க மாத்திரை, மது இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும்.’

கடைசி வரியை யாரும் நீக்கிவிட வேண்டாம். ஓபியாய்டு வலிமருந்துகளையும் டயஸெபாம் வகைத் தூக்க, பதற்றத் தணிப்பு மருந்துகளையும் சேர்த்து எடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்துகளின் குறிப்புகளில் சேர்க்கச் சொன்னது. நாலக்சோன் என்ற மாற்றுமருந்து ஓபியாய்டால் வரும் மந்தத்தை மாற்றும், டயஸெபாமின் விளைவை மாற்றாது. அதனால் ‘ஓபியாய்டுவழி மூச்சுமந்தம்’ என்று காரணத்தை முன்னால் சேர்த்து எழுதவும் இச்சொல் இடம் தருகிறது.

அப்புறம், மூச்சு முழுதாக நின்றுபோவதற்கு ‘மூச்சுநிறுத்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறுத்துவது வேறு, நிற்பது வேறு. ‘மூச்சுநிற்பு’ எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.