தீட்டிய கத்தி தக்காளியில் வழுக்குகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அட்டனிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரமாகக் கையால் கத்தி தீட்டப் பழகுகிறேன், ஒரு கட்டத்துக்கு மேல் நகரவே இல்லை. கத்தி 8 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சாதாரணமானது. தீட்டும் கல் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 (கல்லின் நயத்தைக் காட்டும் எண், கூடக் கூட நயம்). தீட்டி முடித்ததும் தாளை வெட்டுகிறது, லீக்ஸையும் நன்றாகவே நறுக்குகிறது, ஆனால் தக்காளித் தோலில் வைத்தால் வழுக்குகிறது. இரண்டாம் நாள் லீக்ஸும் நசுங்கத் தொடங்கிவிடும்.

கல்லைப் பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் தேய்க்கிறேன். கோணம் ஏறக்குறைய 15 பாகை, முதுகுக்கு அடியில் சில்லறைக் காசு அடுக்கிப் பிடித்தது. கல் எங்கெல்லாம் படுகிறதென்று அறிய விளிம்பில் மார்க்கர் பூசிப் பார்த்தேன், மை எல்லா இடத்திலும் போகிறது, நுனி வளைவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். 1000இல் விரலுக்குப் பிசிறு (தேய்க்கும்போது விளிம்பின் மறுபக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக இழை) தட்டுப்படுகிறது, திருப்பித் தேய்த்தால் மறுபக்கம் போய்விடுகிறது, 6000இலும் அப்படியே பக்கம் மாறுகிறதே தவிர விழுவதில்லை. பழைய தோல் பெல்ட்டிலும் இழுத்துப் பார்த்தாயிற்று. அம்மா பீங்கான் கோப்பையின் அடியில் நாலு இழுப்பு இழுத்த கத்திதான் இப்போது வீட்டிலேயே கூர், அது வேறு கடுப்பு.

சரி, இந்தப் பிசிறு முழுதாக விழ, கடைசித் தேய்ப்பில் கோணத்தைக் கூட்ட வேண்டுமா, அழுத்தத்தைக் குறைத்தாலே போதுமா?