டை ஏறாத ஆன்டிபாடி: என் ஒரு மாத அனுபவம்

செல்லில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தில் ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் டையை ஒட்டுவோம். அந்த டை ஏறவே மாட்டேன் என்கிறது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் ஒரு மாதம் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.

செய்முறை எளிதுதான். பி.எச். 9 உள்ள கார்பனேட் பஃபரில் (பி.எச்.சை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) ஆன்டிபாடி. அதில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த எஃப்.ஐ.டி.சி.யை, அதாவது புரதத்தில் ஒட்டும் வகை ஃப்ளூரசீனை, சொட்டுச் சொட்டாக விட்டு, அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். அப்புறம் செஃபடெக்ஸ் என்ற ஜெல் மணிகள் நிரப்பிய குழலில் ஊற்றினால் இரண்டு மஞ்சள் பட்டைகளாகப் பிரியும். பெரிய மூலக்கூறான ஆன்டிபாடி முன்னால் இறங்கிவிடும். ஒட்டாத டை ஜெல் மணிகளின் துளைகளுக்குள் புகுந்து புகுந்து பின்தங்கும்.

எனக்கு ஒரே பட்டை. அதுவும் மேலேயே நின்றது. ஆன்டிபாடி வர வேண்டிய குழாய்களைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன், வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. டை பழசோ என்று புதுசு வாங்கினோம். நேரத்தைக் கூட்டினேன். மூன்று முறையும் அதே கதை, ஆன்டிபாடியும் பாதி தீர்ந்துவிட்டது.

ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஆன்டிபாடி எந்த பஃபர்ல வந்துச்சு?"

ட்ரிஸ் என்ற பஃபரில். அதை மாற்றாமல், கார்பனேட்டைச் சேர்த்து பி.எச்.சை மட்டும் ஏற்றியிருந்தேன். எஃப்.ஐ.டி.சி. தேடிப்போய் ஒட்டுவது அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியை. புரதத்தில் அது லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் இருக்கிறது. ட்ரிஸிலும் அதே அமீன் உண்டு, அதுவும் ஆன்டிபாடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிக எண்ணிக்கையில். டை முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டது. கிளைசின், பதப்படுத்தச் சேர்க்கும் அல்புமின், சோடியம் அசைடு எல்லாமே இதே தொல்லையைத் தரும்.

இரவு முழுக்க டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பையில் வைத்து ட்ரிஸை வெளியேற்றி, மறுபடி டையைச் சேர்த்தேன். மறுநாள் குழலில் இரண்டு பட்டைகள், நடுவே ஒரு விரல் அகல வெள்ளை. முன்னால் இறங்கிய சொட்டு குழாயில் விழுந்தபோது பச்சையாக மினுங்கியது. அந்த நிமிடம் இன்றும் கண்ணில் இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த முறை டையை அள்ளி ஊற்றினேன். புரதத்துக்கு 280, டைக்கு 495 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து கணக்குப் போட்டால் ஓர் ஆன்டிபாடிக்கு 9 டை! ஆனால் மைக்ரோஸ்கோப் படம் முன்னைவிட மங்கல். நெருக்கமாக ஒட்டிய டைகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும். பிடிக்கும் இடத்தில் உள்ள லைசின்களும் மூடிப்போகும். திசுவின் சொந்த மினுக்கத்தில் என் சிக்னல் காணாமல் போனது. 1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் குழு முதலில் ஆன்டிபாடிக்கு ஒட்டியது நீலமாக ஒளிரும் ஆந்த்ரசீன் சாயத்தை. திசுவும் இயல்பாகவே நீலமாக ஒளிரவே, அடுத்த ஆண்டு பச்சை ஒளி தரும் ஃப்ளூரசீனுக்கு மாறினார்கள். அவர்கள் பட்ட பாடு எனக்கு அன்று புரிந்தது.

டையைக் குறைத்து 4-க்குக் கொண்டுவந்த பிறகுதான் செல்லின் ஓரம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. சிநேகிதியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அந்த இடம் வெளுத்துவிட்டது, மைக்ரோஸ்கோப் விளக்கை அணைக்காமல் போயிருந்தேன், ஒளி படப் பட டை மங்கிவிடும். இப்போதெல்லாம் ஒரு மூலையில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஒளி படாத இடத்துக்கு ஸ்லைடை நகர்த்தி உடனே படம் எடுத்துவிடுகிறேன்.