மூச்சுக்குழல் ஸ்லைடில் மூன்று வரிசை தெரிகிறது, அது எப்படி ஒற்றை அடுக்கு?

கடைசிபெஞ்ச்:
பிசியோதெரபி முதலாம் ஆண்டு. நேற்று ப்ராக்டிகலில் பெயர் ஒட்டாத ஸ்லைடு ஒன்று வைத்தார்கள். 40 மடங்கு லென்ஸில் ஊதா நிற நியூக்ளியஸ்கள் மேலும் கீழுமாக மூன்று வரிசை. "பல அடுக்கு எபிதீலியம், உணவுக்குழல்" என்று எழுதிவிட்டு வந்தேன் (எபிதீலியம் என்றால் குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல் படலம்). சுழி! மூச்சுக்குழலாம், போலியடுக்காம், அதுவும் ஒற்றை அடுக்கில்தான் சேருமாம். கண் முன்னால் இத்தனை வரிசை இருக்கிறதே? அடுத்த வாரம் மறுபடியும் வைப்பார்கள்.

நீலச்சாயம்:
தம்பி, நீங்கள் எண்ணியது செல்லுக்குள் இருக்கும் நியூக்ளியஸை, செல்லை அல்ல. நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, பாட்டி, நெட்டையான ஆள் என்று எல்லோர் காலும் ஒரே தரையில்தான், தலைகள்தான் வேறு வேறு உயரத்தில். இங்கே தரை, ஆதாரச் சவ்வு, அதாவது செல்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம். ஒவ்வொரு செல்லும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேல்விளிம்பை மட்டும் எல்லா செல்லும் எட்டாது. பல அடுக்கு போலத் தெரிவதால்தான் போலியடுக்கு என்று பெயர்.

முட்டைபோண்டா:
இவ்வளவு எதற்கு? குறுயிழை, அதாவது செல்லின் மேலே இருக்கும் நுண்ணிய முடி, தெரிந்தால் மூச்சுக்குழல் என்று எழுது, முடிந்தது.

நீலச்சாயம்:
அப்படி எழுதினால் இன்னொரு சுழி வரும். கருக்குழாயிலும் குறுயிழை உண்டு. ஆனால் அங்கே குருத்தெலும்பு கிடையாது, உள்சுவர் நிறைய மடிப்பாக இருக்கும்.

கால் ஊன்றியிருப்பதை 40-இல் தேடாதீர்கள், தெளிவாகத் தெரியாது. மேல்விளிம்பைப் பாருங்கள். உணவுக்குழலில் மேலே போகப் போக செல்கள் தட்டையாகிவிடும். மூச்சுக்குழலில் உயரமான செல்கள், அவற்றின் தலையில் பிரஷ் முடி மாதிரி குறுயிழை விளிம்பு, நடுநடுவே வெளிறிய குமிழாகக் கோப்பை வடிவ செல்கள். அப்புறம் 10-க்கு இறங்குங்கள். கீழே குழிக்குள் செல் உட்கார்ந்திருக்கும் குருத்தெலும்புப் பட்டை கண்ணில் படும்.

கடைசிபெஞ்ச்:
அந்த விளிம்பை நான் அழுக்கு என்று நினைத்தேன் அக்கா. ஆனால் இரண்டும் கழுத்தில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

நீலச்சாயம்:
வேலை வேறு. உணவுக்குழலில் முறுக்கும் முள்ளும் உரசிக்கொண்டு போகும். மேல் செல்கள் உதிர உதிர, அடியில் பிரிந்த புதியவை மேலே வரும். மூச்சுக்குழலுக்கு உரசல் இல்லை, தூசிதான் தொல்லை. கோப்பை செல்லின் சளியில் தூசி ஒட்டும், குறுயிழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ளும், நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். நெடுநாள் புகைப்பவர்களுக்கு இதே இடத்தில் தட்டையான பல அடுக்கு முளைப்பதும் உண்டு. அங்கே தள்ளிவிடக் குறுயிழை இல்லை, இருமித்தான் சளியை எடுக்க வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
இன்று லேபில் மறுபடி பார்த்தேன். ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்பியதும் பிரஷ் விளிம்பு வந்துவிட்டது. குருத்தெலும்பும் இருந்தது. நேற்று 10-இல் ஒரு தடவைகூடப் பார்க்காமல் நேரே 40-க்குப் போயிருக்கிறேன்.