மயாமி 1986: அந்தத் தோட்டா உண்மையிலேயே தோற்றதா?

பனங்காடு:
1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த மோதலைப் படித்தேன். கொள்ளையரில் ஒருவனான பிளாட் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டு இரண்டு ஏஜெண்டுகளைக் கொன்றிருக்கிறான். அவன் மேல் பட்ட 9 எம்எம் தோட்டா சரியில்லை என்கிறார்கள். அது எப்படி? மார்பில் பட்டால் ஆள் விழ வேண்டாமா?

மழைத்துளி:
9 எம்எம் சின்னது. பெரிய காலிபர் (குண்டின் குறுக்களவு) என்றால் ஆளைத் தூக்கி அடித்திருக்கும்.

கத்திரிவெயில்:
இல்லை நண்பரே. எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஆளைத் தூக்கி அடிக்காது. சுடுபவர் கையில் வாங்கும் உதையைவிடப் பெரிய உதை படுபவருக்குக் கிடைக்க வழியில்லை. நான் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர். துப்பாக்கிக் காயத்தில் நான் முதலில் பார்ப்பது குண்டு எந்த வழியாகப் போனது, எதைக் கிழித்தது, எங்கே நின்றது என்பதைத்தான்.

பிளாட் காரின் ஜன்னல் வழியாக வெளியேறும்போது ஏஜெண்ட் ஜெர்ரி டவ் சுட்ட வின்செஸ்டர் சில்வர்டிப் என்ற 9 எம்எம் தோட்டா அவன் வலது மேற்கையைத் துளைத்து, பிறகு மார்புக்குள் நுழைந்தது. வலது நுரையீரல் சுருங்கிவிட்டது. குண்டு இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுபோனது. அது உயிரைப் பறிக்கிற காயம்தான், ஆனால் உடனே பறிக்கிற காயம் இல்லை. இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து 10, 15 விநாடி ஒருவன் நினைத்ததைச் செய்யலாம். பிளாட்டுக்கோ இதயம் நன்றாகவே துடித்துக்கொண்டிருந்தது. அந்த அவகாசத்தில்தான் டவ்வும் இன்னொரு ஏஜெண்ட் பென் குரோகனும் செத்தார்கள். படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

சில்வர்டிப் தன் வேலையைச் செய்தது. உடம்புக்குள் போனதும் முனை சீக்கிரம் விரிந்து, அதிகம் ஆழம் போகாமல் நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருந்தார்கள். குறை அந்த எதிர்பார்ப்பில். குறுக்கே ஒரு கை வரும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பனங்காடு:
நன்றி டாக்டர். அப்புறம் என்ன மாற்றினார்கள்?

கத்திரிவெயில்:
1987-ல் எஃப்.பி.ஐ.காரர்கள் துப்பாக்கிக் காய ஆய்வாளர்களைத் தங்கள் பயிற்சி மையம் இருக்கும் குவாண்டிகோவுக்கு அழைத்துப் பேசினார்கள். ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லரும் அதில் இருந்தார். முதலில் ஆழம், அதற்குப் பிறகுதான் விரிவு என்று முடிவானது. உடம்புச் சதைக்குப் பதிலாக வைத்துச் சுடும் 10 சதவீத ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. கனத்த துணி, தகடு, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி போன்றவற்றைக் குறுக்கே வைத்தும் சுட்டுப் பார்த்தார்கள். கார் கண்ணாடிதான் கொடுமை, பல தோட்டாக்கள் அதிலேயே உருக்குலையும்.

மழைத்துளி:
ஆனால் பெரிய காலிபருக்குத்தானே போனார்கள்?

கத்திரிவெயில்:
போனார்கள், சரிதான். 10 எம்எம் எடுத்தார்கள். முழு வேகத்தில் உதை தாங்கவில்லை என்று வேகத்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த வேகத்துக்கு வெடிமருந்து வைக்கும் உறை அவ்வளவு நீளமாக இருக்கத் தேவையில்லை என்பதால் 1990-ல் பாயிண்ட் 40 என்ற குட்டையான தோட்டா பிறந்தது. 2014 வாக்கில் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவே 9 எம்எம் போதும் என்று எழுதியது. அதற்குள் 9 எம்எம் தோட்டாக்களும் அதே ஜெலட்டின் சோதனையில் தேறியிருந்தன. உதை குறைவு என்பதால் பெரும்பாலான ஏஜெண்டுகள் அதில் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள்.